ஈயத்தாள் பியூஸ்

ஒரு சிகரெட் பெட்டியின் ஈயத்தாளை வைத்துக்கொண்டு இலங்கை இராணுவத்தின் அரைவாசியைக் கொழும்பின் காலி வீதியில் குப்புறப் படுக்க வைத்த ஆள் உலகத்தில் ஒருவன்தான் இருக்கிறான் என்றும், அந்த ஒருவன் இந்தச் சாய்மனைக் கதிரையில்தான் சாய்ந்திருக்கிறான் என்றும் கதிர்காமநாதன் அறிவித்தார்.

"அரைவாசியா?" என்றார் பௌஸி. "மத்த அரைவாசி எங்க போன?"

"அது வடக்கில நிண்டது. அதாலதான் தப்பினது."

நியாயமாகப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டியவர் பௌஸிதான். பக்கத்து வீட்டுக்காரர். பஞ்சிகாவத்தையில் அரை ஆயுளுக்குக் கார்ச் சாமான் கடை நடத்தி, பிறகு மருமகனிடம் ஒப்படைத்துவிட்டு வந்தவர். எந்தச் சாமானையும் விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்து அசலா போலியா என்று சொல்லிவிடுவார். ஆட்களின் கதையையும் அப்படியே. ஆனால் அவரே அன்று தேநீரைச் சிந்தச் சிந்தச் சிரித்தார். கதிர்காமநாதனின் மனைவி சரோஜினிதேவியோ, கணவன் சொல்வதை நம்புவது, நம்பாமல் விடுவது என்ற இரண்டு வேலையையும் கலியாணமான புதிதிலேயே கைவிட்டிருந்தாள். மறுத்த ஆள் ஒருவன்தான். ஹோல் கதவடியில், நிலத்தில், வீட்டுக்குள்ளேயே சப்பாத்துப் போட்டுக்கொண்டு வெளிக் கேற்றையே பார்த்தபடி இருந்த அவளுடைய தம்பி சிவபாலன்.

"அப்பிடி ஒண்டும் நடக்கேல்லை, அத்தான்."

குரலில் கோபமில்லை. கடையில் சீனி இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னான். வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு ஆமி மறித்த காருக்குள் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கதிர்காமநாதன். மற்றவன் சிவபாலன்.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயமாக அது இருக்கவில்லை. சிவபாலன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் சொன்னபடி கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தான். கூடத் தங்கியிருந்தவன் மன்னார்ப் பெடியன், நோபேட். ஒரு விடியற்காலைச் சுற்றிவளைப்பில் இரண்டு பேரையும் ஒரே டிரக்கில் ஏற்றினார்கள். சிவபாலன் வந்துவிட்டான். நோபேட் வரவில்லை. அப்படி ஒருவரைத் தாங்கள் பிடிக்கவே இல்லை என்று பொலிஸ் சொல்லிவிட்டது. நோபேட்டின் தாய் நேசமலர் மன்னாரிலிருந்து வந்து, ஒரு கன்னியர் மடத்தில் தங்கிக்கொண்டு, ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் பிடித்து வெள்ளவத்தைக்கு வருவாள். வழக்குப் பேசும் லோயர் ஒரேயொரு சாட்சி கேட்கிறார். உள்ளே நோபேட்டைக் கண்ட ஒருவர். அவ்வளவு போதும், கோட்டில் கேட்கலாம்; இல்லாவிட்டால் கேட்க ஒன்றுமில்லை.

அவளுக்கும் சிவபாலனிடம் அதே மறுமொழிதான்.

"ஒண்டும் நடக்கேல்லை, அம்மா. நான் ஒருத்தரையும் காணேல்லை."

நேசமலர் ஒவ்வொரு முறையும் தலையாட்டிவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லிப் போவாள்.

கதிர்காமநாதனின் கதைக்குக் காரணமான காரைப்பற்றிச் சொல்லியாக வேண்டும். அது மொரிஸ் மைனர். அவர் கணக்கில், கொழும்புத் துறைமுகம் கட்டப்பட்டதே அதை இறக்குவதற்காகத்தான். நில அளவைத் திணைக்களத்தில் படம் கீறி ஓய்வுபெற்ற நாளிலிருந்து எந்தக் கராஜ்காரனும் அதைத் தொட்டதில்லை. சனிக்கிழமைகளில் பழைய பெனியனைக் கையில் எடுத்துக்கொண்டு பொனற்றைத் திறந்தாரானால் ஒழுங்கை முழுக்கச் சத்தம் போடாமல் நடக்க வேண்டும். ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பற்றறிக்குத் தண்ணீர் விடுவார். பிளக்குகளைக் கழற்றி அரத்தாள் போட்டுத் தேய்த்து, முகப்பவுடர் டப்பா மூடியில் வரிசையாக வைப்பார். வயர் பிய்ந்த இடமெல்லாம், வீட்டில் யாருக்காவது கை வெட்டினால் ஒட்டும் பிளாஸ்டரால் சுற்றிவிடுவார்.

கொழும்புக் கோட்டையில் லொறிக் குண்டு வெடித்த பிறகு அவருக்கு ஒரு புதிய பயம் பிடித்தது. யாராவது இந்தக் காரைக் களவெடுத்துக் குண்டு ஏற்றி எங்கேயாவது வெடிக்க வைத்தால், நம்பரைப் பிடித்துக்கொண்டு நேரே இங்கேதான் வருவார்கள். "தமிழன்ர கார். வேறென்ன வேணும் அவங்களுக்கு?" ஆகவே இரவில் படுக்கப்போகுமுன் பொனற்றைத் திறந்து பியூஸைக் கழற்றுவார். பெட்டியில் செருகியிருக்கும் உபரி பியூஸ்களையும் விடமாட்டார். எல்லாவற்றையும் சாமியறையில் திருநீற்றுச் சட்டிக்குள் புதைத்து வைப்பார். காலையில் ஒன்றை மட்டும் எடுத்து, திருநீற்றை ஊதிவிட்டுப் பூட்டுவார்.

"பியூஸ் இல்லாட்டி இந்தக் கார் வெறும் தகரம். கடவுளே வந்தாலும் ஸ்டார்ட் பண்ண ஏலாது," என்று ஒழுங்கை முழுவதற்கும் சொல்லியிருந்தார்.

கொட்டாஞ்சேனைப் பொலிஸ் நிலையத்திலிருந்து ரெலிபோன் வந்த அன்று மத்தியானமும் அந்தத் திருநீறு பூசிய ஒற்றைப் பியூஸ்தான் காரில் இருந்தது. கொழும்பில் நிரந்தரமாக இருக்கிற வீட்டுக்காரர் ஒருவர் வந்து, பின்னேரத்துக்குள் கையெழுத்து வைத்துப் பொறுப்பெடுத்தால் சிவபாலனை விடலாம். பிந்தினால் வேறிடத்துக்கு ஏற்றிவிடுவார்கள். வேறிடம் எது என்று சரோஜினிதேவி கேட்டதற்கு அந்தப் பக்கம் ரெலிபோனை வைத்துவிட்டார்கள்.

கதிர்காமநாதன் பறந்தார். பறந்தது என்று அவர்தான் சொல்வார். பம்பலப்பிட்டிப் பக்கம் போகும் சைக்கிள்காரர்கள் அவரைத் தாண்டிக்கொண்டுதான் போனார்கள். புறக்கோட்டையில் நெரிசல். ஒரு கைவண்டிக்காரனுக்கு ஹோர்ன் அடித்தார். கையை எடுத்த பிறகும் ஹோர்ன் நிற்கவில்லை. ஸ்டியரிங்குக்குள் அவர் ஒட்டிய பிளாஸ்டர் வெயிலில் இளகி, வயர் இரும்பில் பட்டு, ஹோர்ன் தன்பாட்டில் ஓலமிட்டது. கைவண்டிக்காரன் அவருடைய தாயைப்பற்றிச் சில விஷயங்கள் சொன்னான். கடைசியில் சத்தம் தானாகவே செத்தது. பிள்ளையாரே நிறுத்திவிட்டார் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓட்டினார். பிள்ளையார் அல்ல, பியூஸ் எரிந்துபோயிருந்தது.

பொலிஸ் நிலைய வாங்கில் பின்னேரம் வரை உட்கார வைத்தார்கள். மழை தொடங்கி, வெளிச்சம் மங்கிய பிறகுதான் சிவபாலனைக் கொண்டுவந்தார்கள். ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தான். பெல்ற்றைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கதிர்காமநாதன் முன்கதவைத் திறந்தார்.

"முன்னுக்கு ஏறு தம்பி."

"இல்லை அத்தான்."

பின்சீற்றில் ஏறி, மூலைக்குள் ஒடுங்கினான். வழிநெடுக வைப்பர் மட்டும் கிறீச் கிறீச்சென்று ஆடிக்கொண்டிருந்தது.

கொள்ளுப்பிட்டிக்கு வருமுன் காலி வீதியில் ஒரு சென்ரி, ஆமியின் சோதனைச்சாவடி. அந்த நாட்களில் கார் வைத்திருந்த எல்லோருக்கும் அந்த முறை தண்ணிபட்ட பாடு: தூரத்திலேயே வேகத்தைக் குறை, பெரிய லைட்டை அணை, உள் லைட்டைப் போடு, முகத்தைக் காட்டு. உள் லைட் எரியாத கார் ஒளிக்க ஏதோ வைத்திருக்கிற கார். அதற்குப் பிறகு கேள்வி வாயால் வராது.

கதிர்காமநாதன் பெரிய லைட்டை அணைத்தார். உள் லைட் சுவிச்சைத் தட்டினார். இருட்டு. மறுபடி தட்டினார். இருட்டு.

"எத்துளே லைட் எக்க தான்ன!" உள்ளே லைட்டைப் போடச் சொல்லி ஒரு குரல் கத்தியது. மண்மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு துவக்கு வாய் நிமிர்ந்தது. பிறகு இன்னொன்று.

அவர் கையைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் இறங்கினார். "பியூஸ் எக்க கிஹில்லா, மஹத்தயா," என்றார். பியூஸ் போய்விட்டது ஐயா. சொல்லும்போதுதான் அவருக்கே விளங்கியது. ஹோர்னுக்கும் உள் லைட்டுக்கும் ஒரே பியூஸ். அது எரிந்த பிறகும் கார் புறக்கோட்டையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஓடியிருக்கிறது, ஸ்டார்ட் ஆகியிருக்கிறது, இங்கேவரை வந்திருக்கிறது. ஆக, இத்தனை காலமும் இரவிரவாக அவர் கழற்றிப் புதைத்தது காரின் உயிரை அல்ல. அதன் சத்தத்தையும் ஒரு சின்ன விளக்கையும்தான். எவனும் எப்போதும் கொண்டுபோயிருக்கலாம். இரண்டு துவக்குகளுக்கு முன்னால் நின்றுகொண்டு, அந்த மனிதருக்கு வெட்கம் வந்தது.

உபரி பியூஸ்கள் வெள்ளவத்தையில் திருநீற்றுக்குள் பத்திரமாக இருந்தன.

"ஹதன்ன," என்றான் சிப்பாய். திருத்து. இளவட்டம், மழைக்கோட்டுக்குள்ளிருந்து ரோர்ச்சை நீட்டினான்.

கதிர்காமநாதன் பொனற்றைத் தூக்கி, எரிந்த பியூஸைப் பிடுங்கினார். கண்ணாடிக் குழாய்க்குள் கரி. பின் யன்னலுக்குக் குனிந்தார். "தம்பி, ஈயத்தாள் மாதிரி ஏதும் கிடக்கே?"

சிவபாலன் மெல்ல, சிப்பாயின் கண்ணெதிரே, சேட்டுப் பொக்கற்றுக்குள் இரண்டு விரலை விட்டு ஒரு சிகரெட் பெட்டியை எடுத்து நீட்டினான். சிவபாலன் சிகரெட் பிடிப்பதில்லை. அது கதிர்காமநாதனுக்குத் தெரியும். அதைப்பற்றி யோசிக்க அப்போது நேரமில்லை. உள்தாளை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஈயத்தாளை எரிந்த பியூஸின்மேல் இறுக்கிச் சுற்றி, பெட்டிக்குள் வைத்து அழுத்தினார்.

உள்ளே லைட் பளிச்சென்று எரிந்தது. கூடவே ஹோர்னும் எழும்பியது.

புறக்கோட்டையில் அரைகுறையாகச் செத்த ஓலம் முழுவதும் சேர்ந்து வந்தது. ரோர்ச் பிடித்த சிப்பாய் அதை எறிந்துவிட்டுத் தெருவில் குப்புற விழுந்தான். மூட்டைக்குப் பின்னால் நின்ற இரண்டு தலைகள் காணாமற்போயின. ஒருவன் தெருவோரச் சாக்கடைக் கானுக்குள் பாய்ந்த சத்தம் கேட்டது. எங்கேயோ துவக்குகள் கிளிக் கிளிக்கென்றன. கதிர்காமநாதன் ஸ்டியரிங்குக்குள் கையை விட்டு, கையில் அகப்பட்ட வயரைப் பல்லுப் பிடுங்குவதுபோலப் பிடுங்கினார்.

அமைதி. மழை மட்டும்.

இப்போது சுடுவார்கள் என்று அவர் நின்றார். கானுக்குள் விழுந்தவன் எழும்பினான். தலையிலிருந்து கால்வரை ஊத்தை. அவனைப் பார்த்து மூட்டைக்குப் பின்னால் ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். தெருவில் விழுந்த சின்னவன் சிரிக்கவில்லை. ரோர்ச்சைத் தேடி எடுத்து, விடுதலைக் கடதாசியைப் பார்த்து, சிவபாலனின் முகத்தைப் பார்த்து, "யன்ன," என்றான். போ.

அதற்குப் பிறகு அவர் லைட்டை அணைக்கவில்லை. அணைத்து, மறுபடி எரியாவிட்டால்? அந்த மஞ்சள் வெளிச்சத்தோடே பம்பலப்பிட்டி கழிந்தது. நெரிசலில் பக்கத்தில் வந்த பஸ்ஸிலிருந்து சனம் எட்டிப் பார்த்தது. கண்ணாடிக்குள் சிவபாலன் முழுதாகத் தெரிந்தான்: வீங்கிய ஒரு கண், நகமில்லாத ஒரு விரல், இரண்டு கையாலும் நெஞ்சோடு பொத்திப் பிடித்திருந்த சிகரெட் பெட்டி. இருட்டிலேயே கூட்டிவந்திருக்கலாம் என்று கதிர்காமநாதனுக்குத் தோன்றியது.

கதையில் அவர் இந்த இடத்தைச் சொல்வதேயில்லை. ஹோர்ன் கத்துகிற இடத்தில் நிறுத்திவிடுவார். ஒவ்வொரு ஞாயிறும், நேசமலர் போன பிறகு, இராணுவம் பெருத்தது. மூன்றாம் முறை ஒரு பிரிகேடியர் கானுக்குள் விழுந்தார். அடுத்த முறை கடலில் நின்ற நேவிக் கப்பல் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு ஹெந்தளைப் பக்கம் ஓடியது.

"கப்பலுக்குக் கேட்டதா ஒங்கட ஹோர்ன்?" என்பார் பௌஸி. "அந்த ஹோர்ன் எண்ட கடையில வாங்கின. பக்கத்துல நிக்கிற ஆடே திரும்பிப் பாக்காது. அத உடுங்க. பியூஸ கழட்டினா கார் வெறும் தகரமெண்டு செல்லிட்டிருந்தீங்களே, அது எப்பிடி எரிஞ்ச பியூஸோட கொட்டாஞ்சேன மட்டும் போன?"

"பிள்ளையார் தள்ளினவர்."

"ஒரு புது பியூஸ் தாறேன், சும்மாவே தாறேன், அந்த ஈயத்தாள எடுத்து வீசுங்க. ஒரு நாளைக்கு வயரெல்லாம் பத்தும்."

"அது கிடக்கட்டும்," என்பார் கதிர்காமநாதன்.

ஒன்றை அவர் கவனித்திருந்தார். கப்பல், பிரிகேடியர் எல்லாவற்றுக்கும் "நடக்கேல்லை" என்று அசையாமல் சொல்கிற சிவபாலன், ஈயத்தாள் வருகிற இடத்தில் மட்டும் எழும்பி உள்ளே போய்விடுவான். அதனால் அவர் அந்த இடத்தை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார். ஒரு நாள் ஈயத்தாளைச் சிப்பாய் கொடுத்தான். ஒரு நாள் அது காற்றில் பறந்து வந்தது. சொல்வது நேசமலருக்காகவா, அல்லது சொல்லாமல் இருக்க முடியாத வாய்க்காகவா என்று அவருக்கே நிச்சயமில்லை.

சரோஜினிதேவிக்கு விளங்கிவிட்டது. குசினிக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"இஞ்சாருங்கோ, அவனை விடுங்கோ. சாட்சிக் கையெழுத்து வைச்சா நாளைக்குத் திரும்ப வந்து ஏத்துவாங்கள். எனக்கு இருக்கிறது ஒரே தம்பி."

"அந்த மனிசிக்கும் ஒரே மகன்தான், சரோ."

"எனக்குத் தெரியாதே அது? நானும்தானே அவவுக்குத் தண்ணி குடுக்கிறன்."

அவள் அழவில்லை. கத்தரிக்காயை வெட்டிக்கொண்டே இருந்தாள், தேவைக்கு மேல்.

அடுத்த ஞாயிறு மழை. நேசமலர் நனைந்து வந்தாள். இந்த முறை சிவபாலனிடம் எதுவும் கேட்கவில்லை. அது கேட்பதைவிட மோசமாக இருந்தது. ஊருக்குத் திரும்பப் போவதாகச் சொன்னாள். இனி மடத்தில் இடமில்லையாம். லோயரும் இனி வந்து பிரயோசனமில்லை என்றாராம். பௌஸி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எங்கேயோ பார்த்தார். கதிர்காமநாதன் தொண்டையைச் செருமினார்.

"அக்கா, நீங்கள் இன்னும் என்ர ஆமிக் கதை கேக்கேல்லை என்ன?"

"இஞ்சாருங்கோ..." என்றாள் சரோஜினிதேவி.

அவர் நிறுத்தவில்லை. கப்பலையும் பிரிகேடியரையும் இறக்கி விட்டுவிட்டார். வேகமாக, சுருக்கமாகச் சொன்னார்: லைட் எரியவில்லை, துவக்கை நீட்டினார்கள், இறங்கினேன்.

"நல்ல காலம், என்ர பொக்கற்றுக்குள்ள ஒரு சிகரெட் பெட்டி கிடந்தது. அண்டைக்கு மனக் கவலையில ரெண்டு மூண்டு இழுத்தனான். அதின்ர ஈயத்தாளை எடுத்து..."

"நீங்கள் சிகரெட் குடிக்கிறேல்லை, அத்தான்."

எல்லோரும் திரும்பினார்கள். சிவபாலன் எழும்பியிருந்தான், ஆனால் உள்ளே போகவில்லை.

"அப்ப அது உன்ர பெட்டியோ?" என்று கேட்டார் கதிர்காமநாதன். அவருடைய குரலில் விளையாட்டு இல்லை.

"நானும் குடிக்கிறேல்லை."

மழைத்தண்ணீர் கூரைப் பீலியால் விழுந்துகொண்டிருந்தது. நேசமலர் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"என்ர மகன் குடிப்பான்," என்றாள் மெதுவாக. "நான் ஏசுறனான். பிறகும் களவாக் குடிப்பான்."

சிவபாலன் சேட்டுப் பொக்கற்றைத் தொட்டான். பெட்டி அங்கேதான் இருந்தது. எடுத்து, அவளுக்கு முன்னால் குந்தி, மடியில் வைத்தான். நசிந்த பெட்டி. உள்ளே ஈயத்தாள் இல்லாமல் இரண்டு சிகரெட்.

"கதவைத் திறந்து என்ர பேரைத்தான் கூப்பிட்டவங்கள், அம்மா. அவன்ர பேரைக் கூப்பிடேல்லை. 'இஞ்ச கிடந்தா இவங்கள் எடுத்துப்போடுவாங்கள், நீ கொண்டு போ, நான் வந்து வாங்குறன்' எண்டு என்ர பொக்கற்றுக்குள்ள வைச்சவன்." பெட்டியின் நசிந்த மூலையை நிமிர்த்திவிட்டான். "அவனால எழும்ப ஏலாது. இருந்துகொண்டுதான் வைச்சவன்."

நேசமலர் பெட்டியைத் திறக்கவில்லை. மூடியபடியே முகர்ந்து பார்த்தாள்.

"தம்பி," என்றாள் சரோஜினிதேவி. அதற்குமேல் சொல்ல வாயெடுத்தவள், நேசமலரின் கையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். உள்ளே போய் அவனுடைய மழைக்கோட்டை எடுத்துவந்து கதிரையில் போட்டாள்.

"லோயரிட்ட இதைச் சொல்லுவியோ மகன்?" நேசமலர் கேட்டாள்.

அவன் தலையாட்டினான்.

கதிர்காமநாதன் கார்ச் சாவியைத் தேடிக்கொண்டு எழும்பினார். ஒரு நாளும் சாவி தவறாத மனிதருக்கு அன்று அது கண்முன்னே மேசையில் இருந்தும் தெரியவில்லை. பௌஸிதான் எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, சிவபாலனின் தோளில் கையை வைத்தார்.

"அப்ப மகன்... அந்த ஆமிக்காரங்க கீழ உழுந்ததும் மெய்தானா?"

சிவபாலன் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டி முடித்த பிறகுதான் நிமிர்ந்தான்.

"விழுந்தவங்கள்," என்றான். "எல்லாம் நடந்தது."